கப்பல்ல ரெண்டு பாஷை: தொண்டிக்காரர் பேசுறது ஒண்ணு, காரைக்குடிக்காரர் பேசுறது ஒண்ணு

கப்பல் கவுந்தாலும் கன்னத்துல கை வைக்காதேன்னு நம்ம பக்கம் எல்லா வீட்லயும் சொல்லுவாங்க. இது மாலுமிக்குச் சொன்ன பழமொழியா இருக்கவே முடியாதுன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம். கப்பல் கவுந்தா மாலுமிக்கு நீந்துறதுக்கே ரெண்டு கை பத்தாது, இதுல கன்னத்துல வைக்க எங்க போறது. கரையில உக்காந்து சரக்கு வந்து சேருமா சேராதான்னு காத்துக்கிட்டு இருக்கவருக்குச் சொன்னது இது, அதாவது முதல் போட்டவருக்கு.

செட்டிநாட்டுக்கும் கப்பலுக்கும் உள்ள உறவே இந்த மாதிரிதான். காவிரிப்பூம்பட்டினத்துலேர்ந்து வந்தவங்கன்னு நகரத்தார் தங்களைப் பத்திச் சொல்லிக்குவாங்க, ஆனா வந்து குடியேறின 96 ஊரும் செம்மண்ணும் கண்மாயும் உள்ள வறண்ட பூமி, கடல் வேணும்னா தென்கிழக்க தொண்டிக்குத்தான் போகணும். இருந்தும் இலங்கை, பர்மா, மலேயா, சைகோன்னு போகாத இடம் இல்ல. கொண்டுவிக்கப் போறதுன்னு அதுக்கு ஒரு பேரே இருக்கு. ஆனா போன கப்பல் பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஸ்டீமர், ஓட்டுனது வேற ஆளுங்க. நம்மாளுங்க அதுல பயணி, இல்லன்னா சரக்குக்குச் சொந்தக்காரர், இல்லன்னா அந்தச் சரக்குக்குக் கடன் குடுத்தவர். அதனாலதான் காரைக்குடி, தேவகோட்டை வீடுகள்ல சரக்கு, கிட்டங்கி (குடோன்), டெமரேஜ், இன்சூரன்ஸ் எல்லாம் சாதாரணமா வாயில வரும், சுக்கான் (கப்பலைத் திருப்புற பலகை), பருமல் (பாய் கட்டுற குறுக்குக் கழி) எல்லாம் வராது. கப்பல் சொல்லுன்னு யாராவது பட்டியல் போட்டா மாலுமி பேசுறத மட்டும்தான் போடுறாங்க, கணக்குப்புள்ள பேசுற பாதிய விட்டுடுறாங்க. ரெண்டையும் சேத்துப் பாத்தாதான் ஒரு கப்பல் எப்படி ஓடுதுன்னே புரியும்.

ரெண்டு பக்கமும் எவ்வளவு தூரம் தள்ளி நிக்குதுன்னு பாக்க தண்டல்ங்கிற ஒரு வார்த்தை போதும். காரைக்குடியில தண்டல்னா வட்டிக்குக் குடுத்த பணத்தை தினசரி போய் வசூல் பண்றது. தூத்துக்குடித் தோணியில தண்டல்னா அந்தத் தோணியோட தலைவர், கேப்டன். இங்லீஷ்காரன் கப்பல்ல அதே வார்த்தை டிண்டல்னு ஆகி, சாரங்குக்கு, அதாவது மாலுமிங்க தலைவருக்கு, அடுத்த படியில உள்ள ஆளைக் குறிச்சுச்சு. சாரங்கு பாரசீகத்துலேர்ந்து வந்தது, சுக்கான் அரபி, சுக்கான் பிடிக்கிறவர் சுக்காணி, நங்கூரமும் பாரசீகம்தான், மாலுமி கூட அரபுக் கப்பல்ல வழி காட்டுற முஅல்லிம் கிட்டேர்ந்து வந்ததுதான். பாய், பாய்மரம், அணியம், ஏரா எல்லாம் நம்ம பேச்சு. அணியம்னா முன் முனை, ஏரான்னா அடியில நீளமா ஓடுற முதுகெலும்பு மரம். மரத்தைச் செதுக்கி கட்டுனது ஒரு ஆளு, தூரக் கடலுக்கு ஓட்டிட்டுப் போனது கலப்பு ஜமா, இது பேர்லயே தெரியுது. மரப்பலகை இடுக்குல பருத்தி நூலைத் திணிச்சு உளி வச்சு அடிச்சு குங்கிலியம் எண்ணெய் காய்ச்சிப் பூசுற வேலைக்கு கலப்பத்துன்னு பேரு. அந்த வேலை தெரிஞ்ச ஆள் இப்ப ரொம்பக் கம்மி, ஃபைபர் படகு வந்ததுக்கு அப்புறம் அதுக்குத் தேவையும் இல்ல.

மாலுமி பாஷையில எல்லாரும் முட்டிக்கிற எடம் போர்ட், ஸ்டார்போர்ட். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழைய சாமான் கடைகள்ல பித்தளைக் கப்பல் விளக்கு பாத்திருப்பீங்க, அதுல ஒண்ணை எடுத்துப் பாத்தா விஷயம் புரியும். நான் எடுத்தது செவப்புக் கண்ணாடி, மேல பித்தளைப் பட்டையில போர்ட்னு எழுத்து.

"அண்ணே, இதுக்கு ஜோடி இல்லையா? பச்சை ஒண்ணு இருக்கணுமே."

"பச்சை போயிருச்சு தம்பி. ஹோட்டல்காரங்க வந்து பச்சையை மட்டும் தூக்கிட்டாங்க. இத எடுத்துக்கங்க, வாசல்ல மாட்டுனா அம்சமா இருக்கும்."

கப்பல்ல இருந்து எறங்குனதா, போன வருஷம் எங்கயாவது அடிச்சதாங்கிறது வேற கதை, இந்த மாதிரி விளக்குல பாதிக்கு மேல புது நகல்தான். ஆனா அமைப்பு சரியா இருந்துச்சு. கண்ணாடி சுத்தி முழுசா இல்ல, ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கு, மிச்சம் பித்தளை மூடியிருக்கு. காரணம் இருக்கு. பக்கவாட்டு விளக்கு நேர் முன்னாலேர்ந்து ஆரம்பிச்சு பக்கத்தைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால வரைக்கும் 112.5 டிகிரி மட்டும்தான் தெரியணும். இடது பக்கம் செவப்பு, அது போர்ட். வலது பக்கம் பச்சை, அது ஸ்டார்போர்ட். பின்னால ஒரு வெள்ளை விளக்கு 135 டிகிரி. மூணையும் கூட்டுனா 360, வட்டம் முழுசும் அடைஞ்சிருச்சு. ராத்திரி நடுக்கடல்ல எதிர்க்க ஒரு வெளிச்சம் தெரியுதுன்னா அதோட நெறத்தை வச்சே அந்தக் கப்பல் எந்தப் பக்கத்தை நமக்குக் காட்டிக்கிட்டுப் போகுதுன்னு சொல்லிரலாம். செவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரிஞ்சா நேரா நம்மளப் பாத்து வருதுன்னு அர்த்தம், ரெண்டு பேருமே வலது பக்கம் திருப்பணும். வலது பக்கத்துலேர்ந்து குறுக்க வந்து செவப்பைக் காட்டுனா நாமதான் ஒதுங்கணும், இஞ்சின் கப்பலுக்கு 1972 சர்வதேச விதி அப்படித்தான் சொல்லுது.

அப்போ இடது வலதுன்னே சொல்லித் தொலைக்கலாமேன்னு கேப்பீங்க. சொல்ல முடியாது. கப்பல்ல ஒருத்தர் முன்னால பாத்து நிப்பார், இன்னொருத்தர் பின்னால பாத்து கயிறு இழுத்துக்கிட்டு இருப்பார், வலதுன்னு கத்துனா யாரோட வலதுன்னு கேள்வி வரும். ஆள் எப்படித் திரும்பி நின்னாலும் மாறாத, கப்பலோட உடம்புக்கே சொந்தமான பக்கப் பேர் வேணும், அதுக்குத்தான் இது. சுக்கான் பின்னால நடுவுல வர்றதுக்கு முன்னாடி வடக்கு ஐரோப்பாவுல வலது பக்கம் ஒரு பெரிய துடுப்பு கட்டித்தான் திருப்புவாங்க, திருப்புற பக்கம்ங்கிறதுதான் ஸ்டார்போர்ட் ஆச்சு. அந்தத் துடுப்பு ஒடைஞ்சிரக் கூடாதுன்னு கரையில அணைக்கிறப்போ இடது பக்கத்தை அணைப்பாங்க. அந்தப் பக்கத்துக்கு முதல்ல லார்போர்ட்னுதான் பேரு, புயல்ல கத்துறப்போ லாருக்கும் ஸ்டாருக்கும் வித்தியாசம் தெரியாம ஆபத்தாகுதுன்னு 1844ல பிரிட்டிஷ் கடற்படை போர்ட்னு மாத்திருச்சு.

நம்ம கடக்கரையில வேற வழி. காத்தோட பேர்தான் திசையோட பேர். கொண்டல் கிழக்க இருந்து, வாடை வடக்க இருந்து, சோழகம் தெக்க இருந்து, கச்சான் மேக்க இருந்து. வாடைப்பக்கம் போன்னா வடக்க போன்னு அர்த்தம். காத்தையே நம்பிப் பொழைக்கிறவனுக்கு திசையும் காத்தும் வேற வேற இல்ல. சிலப்பதிகாரத்துல தொண்டிக்காரங்க அகிலும் துகிலும் சந்தனமும் கர்ப்பூரமும் ஏத்தி விட்ட கப்பல் கூட்டத்தோட கொண்டல் வந்துச்சுன்னு வரும், கிழக்கத்திக் காத்து அடிச்சாதான் கிழக்கத்திச் சரக்கு வந்து எறங்கும்ங்கிற கணக்கு அந்த ஒரு வரியில இருக்கு. ஸ்டீமர் வர்ற வரைக்கும் வியாபாரமே இந்தக் கணக்குலதான். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து, அப்போ பர்மா பக்கம் போறது சுலபம். அக்டோபருக்கு மேல காத்து வடகிழக்குக்கு மாறும், அதுல திரும்பி வரணும், நடுவுல வங்காள விரிகுடாப் புயல் வேற.

பாய்க்கப்பல் காத்துக்கு எதிர்க்க போகவே முடியாதுன்னு நெறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நேரா முடியாது, சாய்வா முடியும். காத்து வர்ற திசைக்கு ஏறக்குறைய 45 டிகிரி சாய்ச்சுப் பிடிச்சா பாய் ஒரு ரெக்கை மாதிரி வேலை செய்யும், காத்து அதைப் பக்கவாட்டுல தள்ளப் பாக்கும், தண்ணிக்குள்ள ஏராவும் சுக்கானும் அந்தப் பக்கவாட்டுத் தள்ளலைத் தடுக்கும், மிச்சம் இருக்குற விசை படகை முன்னால கொண்டு போகும். கொஞ்ச தூரம் இப்படிப் போய் அப்புறம் அணியத்தைக் காத்துக்கு ஊடால திருப்பி மறுபக்கம் சாய்வாப் போகணும். இப்படிக் குறுக்கும் நெடுக்கும் போறதைத்தான் இங்லீஷ்ல டேக்கிங்னு சொல்றது. இதுல ஒரு சிக்கல், காத்து ஜாஸ்தியானா படகு ஒரு பக்கம் சாயும், சாஞ்சா கவுறும்.

இதுக்கு பாக் விரிகுடாவுல கண்டுபிடிச்ச வழி இருக்கே, அது பிரமாதம். வத்தைன்னு ஒரு படகு, குறுகலா நீளமா இருக்கும், அதுல குறுக்க ஒரு நீளப் பலகையைப் போட்டுக் கட்டியிருப்பாங்க, ரெண்டு முனையும் படகுக்கு வெளிய கடல் மேல நீட்டிக்கிட்டு இருக்கும். காத்து ஏற ஏற ஆளுங்க ஒவ்வொருத்தரா காத்து வர்ற பக்கத்துப் பலகையில நகர்ந்து வெளிய போய் உக்காருவாங்க. அவங்க வெயிட்டுதான் படகை நிமித்திப் பிடிக்கும், காத்து கொறஞ்சா உள்ள வந்துரணும், திசை மாறினா எல்லாரும் அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் ஓடணும். சென்னை மாகாண மீன்வளத்துறையில இயக்குநரா இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் நம்ம கடக்கரைப் படகுகளை ஊர் ஊரா ஆராய்ஞ்சு எழுதினவர், அவரு இந்தப் பலகைப் படகையும் பதிவு பண்ணி வச்சிருக்காரு. சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல ஒத்தை ஆள் படகுல போனப்போ உடம்பை முழுசா வெளிய சாய்ச்சு தொங்கிக்கிட்டுப் போனதைப் பாத்திருப்பீங்க, அதுக்கு ஹைக்கிங்னு பேரு. கணக்கு ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஒலிம்பிக்ஸ் பாத்து வியந்தவங்க அதிராம்பட்டினம் பக்கம் இதை மீன் பிடிக்கப் போறப்போ தினமும் பண்ணாங்கன்னு தெரிஞ்சா என்ன சொல்லுவாங்களோ.

தொண்டி இவ்வளவு பக்கத்துல இருந்தும் ஸ்டீமர் ஏற ஏன் நாகப்பட்டினம், சென்னைன்னு போனாங்க? டிராஃப்ட். கப்பலோட அடிப்பாகம் தண்ணிக்குள்ள எவ்வளவு ஆழம் எறங்கியிருக்குங்கிற அளவு அது. பாக் விரிகுடா ரொம்ப ஆழம் கம்மியான கடல், நம்ம பக்கத்து மீனவர் ஆழத்தை பாகம் கணக்குல சொல்லுவாரு, ரெண்டு கையையும் விரிச்சா ஒரு முனையிலேர்ந்து மறு முனை வரைக்கும் ஒரு பாகம், கயித்துல ஈயக்கட்டியைக் கட்டி விட்டு இழுக்கறப்போ கை விரிச்சு விரிச்சு எண்ணிக்கிட்டே வருவாரு. இங்லீஷ்காரன் ஃபாதம்னு சொல்றதும் இதே கைவிரிப்புதான், அவன் அதை 6 அடின்னு நிர்ணயம் பண்ணிட்டான். தோணியும் வத்தையும் அந்த ஆழத்துல போகும், பெரிய ஸ்டீமர் தரை தட்டிரும். இலங்கைக்குப் போறவங்களுக்கு தூத்துக்குடி வழி இருந்துச்சு, 1906ல வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பிச்சு காலியா, லாவோன்னு ரெண்டு கப்பலை கொழும்புக்கு ஓட்டுனதும் அங்கேர்ந்துதான். 1914ல பாம்பன் பாலம் வந்ததும் ரயில்ல தனுஷ்கோடி, அங்கேர்ந்து கப்பல்ல தலைமன்னார். 1964 புயல்ல அது போச்சு.

டிராஃப்டோட ஒட்டிக்கிட்டு வர்றது பிளிம்சால் கோடு. கப்பல் வயித்துல ஒரு வட்டமும் நடுவுல ஒரு கோடும் வரைஞ்சிருக்கும், அதுக்கு மேல தண்ணி ஏறுனா சரக்கு ஜாஸ்தின்னு அர்த்தம். இன்சூரன்ஸ் பணத்துக்காக ஓட்டைக் கப்பல்ல அளவு மீறி ஏத்தி அனுப்புற முதலாளிங்களை எதிர்த்து சாமுவேல் பிளிம்சால்ங்கிற எம்.பி. பார்லிமெண்ட்ல சண்டை போட்டு 1876ல சட்டமாக்குனாரு. பக்கத்துல ஏணி மாதிரி இன்னும் சில கோடு இருக்கும், கோடைக்கு ஒண்ணு, குளிர்காலத்துக்கு ஒண்ணு, நல்ல தண்ணிக்கு ஒண்ணு. உப்புத்தண்ணியை விட நல்ல தண்ணி அடர்த்தி கம்மி, அதனால அதே சரக்குக்கு கப்பல் இன்னும் கொஞ்சம் ஆழமா எறங்கும். ரங்கூன் ஆத்துத் துறைமுகம், அங்க அரிசி ஏத்தறப்போ கடல் கோட்டைத் தாண்டி எறங்குனாலும் நல்ல தண்ணிக் கோட்டுக்குள்ள இருந்தா தப்பில்ல, கடலுக்கு வந்ததும் தானா மேல வந்துரும்.

தூரத்துக்கு கடல் மைல், 1852 மீட்டர். பூமியோட அட்சரேகையில ஒரு நிமிஷத்துக்கு, அதாவது ஒரு டிகிரியில 60ல ஒரு பங்குக்கு, உள்ள நீளம் அது, அதனால மேப் இருந்தா ஸ்கேலே வேணாம். காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி 4 நிமிஷம், தொண்டி 9 டிகிரி 44 நிமிஷம், கழிச்சா 20, அப்போ காரைக்குடியை விட தொண்டி 20 கடல் மைல் தெக்க இருக்கு. மணிக்கு ஒரு கடல் மைல் ஓடுனா ஒரு நாட். நாட்னா முடிச்சுதான், 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்ட கயித்தைப் பின்னால விட்டு 28 செகண்டு மணல் கடிகாரம் முடியறதுக்குள்ள எத்தனை முடிச்சு கையை விட்டுப் போச்சுன்னு எண்ணுவாங்க. சென்னையிலேர்ந்து ரங்கூனுக்கு சுமாரா 1000 கடல் மைல், 12 நாட்ல போனா மூணரை நாள்.

இனி கணக்குப்புள்ள பாஷை. முதல்ல டன். கப்பல்காரன் டன்னுன்னா எடைன்னு நினைக்காதீங்க. பழைய கணக்குல ரெஜிஸ்டர் டன்னுங்கிறது 100 கன அடி இடம். ஒயின் பீப்பாய் எத்தனை அடங்கும்னு எண்ணுனதுலேர்ந்து வந்தது. சரக்குக்காரருக்கு வேண்டியது டெட்வெயிட், அது நெஜமாவே எடை, சரக்கு, எண்ணெய், தண்ணி, ஆளு எல்லாம் சேத்து எவ்வளவு தாங்கும்னு. ரெண்டையும் குழப்பிக்கிட்டு சரக்குக்கு இடம் பேசுனா நட்டம் நமக்குத்தான்.

அப்புறம் பில் ஆஃப் லேடிங். சரக்கை வாங்கிக்கிட்டேன்னு கப்பல்காரன் குடுக்கற ரசீது, ஆனா வெறும் ரசீது இல்ல, அந்தக் காகிதம் யார் கையில இருக்கோ அவருக்குத்தான் சரக்கு. சரக்கு நடுக்கடல்ல இருக்கறப்பவே பின்னால கையெழுத்துப் போட்டு இன்னொருத்தருக்கு வித்துரலாம், பேங்க்ல வச்சு கடன் வாங்கலாம். உண்டியல்ல, அதாவது ஊர் விட்டு ஊர் பணம் மாத்துற சீட்டுல, பழகுன கை நகரத்தார் கை, அவங்களுக்கு இதெல்லாம் புதுசாத் தெரிஞ்சிருக்காது. வழக்கமா மூணு ஒரிஜினல் குடுப்பாங்க, ஒண்ணைக் காட்டி சரக்கை எடுத்துட்டா மிச்ச ரெண்டும் செல்லாது, அதனால மூணும் நம்ம கையில வந்துச்சான்னு பாக்காம பணம் குடுக்கக் கூடாது. மூட்டை கிழிஞ்சிருக்கு, நனைஞ்சிருக்குன்னு அதுல ஒரு குறிப்பும் இல்லைன்னா அது க்ளீன் பில், குறிப்பு இருந்தா பேங்க்காரன் தொட மாட்டான்.

சரக்கு கெட்டா யார் நட்டம்ங்கிறதுக்கு ரொம்ப காலமா ஒரு எல்லை இருந்துச்சு, கப்பலோட கைப்பிடிக் கம்பி. எஃப்ஓபி (ஃப்ரீ ஆன் போர்டு, கப்பல்ல ஏத்திக் குடுக்கற வரைக்கும் சேத்த விலை) விலைன்னா மூட்டை அந்தக் கம்பியைத் தாண்டுற வரைக்கும் விக்கிறவர் பொறுப்பு, தாண்டிட்டா வாங்குறவர் பொறுப்பு. கிரேன்ல தொங்குற மூட்டை கம்பிக்கு நேர் மேல ஊசலாடி விழுந்தா யார் பொறுப்புன்னு வக்கீல்கள் எவ்வளவு காசு பாத்திருப்பாங்கன்னு யோசிங்க. 2010 இன்கோடர்ம்ஸ்ல, அதாவது விக்கிறவர் வாங்குறவர் பொறுப்பைப் பிரிக்கிற சர்வதேச வியாபார விதியில, கம்பியைத் தூக்கிட்டு, சரக்கு கப்பல் மேல வச்சாச்சான்னு மட்டும் கேளுன்னு மாத்திட்டாங்க.

டெமரேஜ் நமக்குத் தெரிஞ்சதுதான், ரயில்வே கூட்ஸ் ஷெட்டுல கூட இதே பேர்தான். வாடகைக் கப்பல்ல இத்தனை நாள்ல ஏத்தி எறக்கணும்னு ஒப்பந்தம், தாண்டுனா நாளுக்கு இவ்வளவுன்னு தண்டம். சீக்கிரம் முடிச்சா கப்பல்காரன் நமக்குத் திருப்பிக் குடுக்கறதும் உண்டு, அதுக்கு டிஸ்பேட்ச்னு பேரு. மழை பேஞ்ச நாள் கணக்குல சேருமா சேராதாங்கிறதுல இன்னைக்கும் சண்டை நடக்குது.

எல்லாத்துலயும் எனக்குப் பிடிச்சது ஜெனரல் ஆவரேஜ். ஆவரேஜ்னா இங்க சராசரி இல்ல, நட்டம். புயல்ல கப்பலைக் காப்பாத்த கொஞ்சம் சரக்கைத் தூக்கிக் கடல்ல போட்டா அது அந்தச் சரக்குக்குச் சொந்தக்காரரோட தலைவிதின்னு விட்டுற முடியாது, அந்தச் சரக்கு போனதாலதான் மத்தவங்க சரக்கு பொழைச்சுது, அதனால எல்லாரும் பங்கு போட்டுக்கணும்னு ரோமன் காலத்துக்கும் முன்னாடிலேர்ந்து வர்ற வழக்கம். கப்பல் மதிப்பு 60 லட்சம், மொத்தச் சரக்கு 40 லட்சம், அதுல ஒருத்தரோட 5 லட்சம் சரக்கைப் போட்டாச்சுன்னு வைங்க. 100ல 5, அப்போ ஆளுக்கு 5 சதவீதம். கப்பல்காரர் 3 லட்சம், சரக்குக்காரங்க எல்லாரும் சேந்து 2 லட்சம். சரக்கு போனவரும் தன்னோட 5 லட்சத்துக்கு 25 ஆயிரம் ஏத்துக்கணும், கைக்கு 4 லட்சத்து 75 ஆயிரம் வரும்.

பழங்கதைன்னு நினைச்சுறாதீங்க. 2021 மார்ச்ல எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாய்ல குறுக்க மாட்டி ஆறு நாள் நின்னுச்சே, அதை இழுத்து மிதக்க விட்ட செலவுக்கு கப்பல் முதலாளி ஜெனரல் ஆவரேஜ்தான் அறிவிச்சாரு. உள்ள சுமார் 18,300 கண்டெய்னர். தப்பு யார் மேலன்னு இருந்தாலும், உங்க கண்டெய்னர் ஒரு கீறல் இல்லாம பத்திரமா இருந்தாலும், உங்க பங்குக்கு ஜாமீன் குடுத்தாதான் சரக்கை விடுவாங்க. இன்சூரன்ஸ் இருந்தா கம்பெனிக்காரன் ஒரு கடுதாசி குடுத்துருவான். இல்லாதவங்க தன்னோட சொந்தச் சரக்கை எடுக்கவே ரொக்கம் கட்டணும். காரைக்குடியிலேர்ந்து இப்ப டைல்ஸோ பலகாரமோ வெளிநாட்டுக்கு அனுப்புறவங்க மெரைன் பாலிசி எடுக்கறப்போ ஏ, பி, சின்னு மூணு வகை சொல்லுவாங்க, சி தான் சல்லிசு. சி எடுத்தாலும் ஜெனரல் ஆவரேஜ் பங்கு அதுக்குள்ள அடங்கிரும். மழைத்தண்ணி நனைச்சாலோ, ஒரு பொட்டி திருடு போனாலோ சி கை விரிக்கும், அதுக்கு ஏ வேணும்.